கூலிக்காரி வீட்டு நிபுணர்

மேலநெடுங்கரை,
திருத்துறைப்பூண்டி வழி
8.8.1971

மாமாவுக்கு,

செவ்வந்தி எழுதுகிறேன். போய்ச் சேர்ந்ததாக நீங்கள் போட்ட நீலக் காகிதம் கிடைத்தது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். அதற்குப் பேர் நலம் என்றால் நலம்தான்.

தஞ்சாவூர் ஸ்டேஷனுக்கு நான் வராததைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போனதைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. வந்திருந்தால் வண்டியைப் போக விட்டிருக்க மாட்டேன் மாமா. அத்தனை ஜனத்துக்கு நடுவில் புருஷன் சட்டையைப் பிடித்து இழுத்தவள் என்று பேர் வாங்க வேண்டாமே என்றுதான் வரவில்லை. நீங்கள் அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டீர்கள். கோபமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

தஞ்சாவூர் அறையைக் காலி செய்துவிட்டு நம் தெருவுக்கே வந்துவிட்டேன். உங்கள் அப்பா கட்டிய வீடு பூட்டிக் கிடந்ததில் பின்பக்கக் கூரை சரிந்துவிட்டது. கீற்று வாங்கி நானும் பக்கத்து வீட்டு அமிர்தம் அக்காவும் மேய்ந்தோம். இப்போது குறுவைக்குக் களை எடுக்கப் போகிறேன். ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறவர் பெண்டாட்டி களை எடுப்பதா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். வரப்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க எனக்கு வராது.

நீங்கள் அங்கே என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றும் கேட்கிறார்கள். "நெல்லை எப்படி விக்கிறதுன்னு சொல்லிக்கொடுக்கப் போயிருக்காரு" என்றேன். அமிர்தம் அக்கா சிரித்த சிரிப்பில் இடுப்புக் கூடை கீழே விழுந்துவிட்டது. "நம்ம ஊரு நெல்லையே பண்ணைதான் விக்கிது, நாம எங்கடி வித்தோம்" என்கிறாள். நீங்களே விளக்கமாக எழுதுங்கள், வாசித்துக் காட்டுகிறேன்.

இன்னொரு சேதி. பண்ணை நிலத்தில் கூலிக்காரர்கள் குடியிருக்கிற மனை இனிமேல் அவர்களுக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டுவிட்டதாம். ஆளுங்கட்சிக்காரர்கள் மைக் கட்டி ஒரு பக்கம் சொல்கிறார்கள், செங்கொடிக்காரர்கள் ஒரு பக்கம் சொல்கிறார்கள். தாசில்தார் வந்து வீடு வீடாக விசாரித்துப் பட்டா கொடுப்பாராம். எப்போது என்று தெரியவில்லை. தைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். வந்துவிடுங்கள்.

செவ்வந்தி


ரொகும்பா,
சியரா லியோன்
12.9.1971

அன்புள்ள செவ்வந்திக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் கேலி செய்வாய். காகிதம் மடிப்பில் கிழிந்துவிட்டது. சட்டையைப் பிடித்து இழுக்கிற இடத்தில்தான் அதிகம் கிழிந்திருக்கிறது.

அமிர்தம் அக்காவுக்கு வாசித்துக் காட்டு. இந்த நாட்டில் நெல் நன்றாக விளைகிறது. அவித்துக் குத்தி அரிசியாக்கி உள்ளூரில் சாப்பிடுகிறார்கள். ஆனால் பக்கத்து நாட்டுக்காரன் இவர்கள் அரிசியை வாங்குவதில்லை. ஒரு மூட்டை ஒரு மாதிரி, இன்னொரு மூட்டை வேறு மாதிரி, சிலது பூசணம் என்கிறான். கப்பலில் எங்கோ தூரத்திலிருந்து வருகிற அரிசிக்குக் கூடுதல் விலை கொடுக்கிறான். வெள்ளைக்காரன் போன பிறகும் சொந்த ஆற்றங்கரை நெல்லைப் பக்கத்து வீட்டுக்கு விற்க முடியாமல் இருக்கிறார்கள். ஒரே மாதிரி அவித்து, ஒரே மாதிரி காயவைத்து, தரம் பிரித்து, மூட்டைக்கு முத்திரை போட்டு அனுப்பக் கற்றுக்கொண்டால் வியாபாரம் இவர்கள் கையில் நிற்கும். அதற்குத்தான் நான்.

என்னை அனுப்பியது ஒரு சபை இல்லை, இரண்டு. பயிருக்கு ஒரு உலக சபை, வியாபாரத்துக்கு ஒரு உலக சபை. இரண்டும் கூட்டுச் சேர்ந்து தொழில்நுட்ப உதவி என்று இந்தத் திட்டத்தைப் போட்டிருக்கின்றன. இரண்டு ஊரில் இரண்டு மேலதிகாரிகள். நெல்லின் ஈரம் பார்க்கிற மெஷின் ஒன்று வேண்டும் என்று வந்த அன்றே எழுதினேன். அது வியாபாரத்துச் செலவு என்று பயிர்க்காரர் எழுதுகிறார். அது பயிர்ச் செலவு என்று வியாபாரக்காரர் எழுதுகிறார். இரண்டு பேருமே மரியாதையாக எழுதுகிறார்கள்.

அதனால் நம் ஊர்ப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். களத்தில் காய்கிற நெல்லை எடுத்து உமி நீக்கிப் பல்லில் கடித்துப் பார்ப்பது. நறுக்கென்று உடைந்தால் மூட்டை பிடிக்கலாம், மசிந்தால் இன்னும் வெயில் வேண்டும். களத்துப் பெண்களுக்குத் தலைவி மரியாத்து என்று ஒருத்தி. உன்னைப்போலவே, எதையும் சிரித்துவிட்டுத்தான் கேட்பாள். சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வந்த முதல் நாள் கடைத்தெருவில் டீ குடித்தேன். எல்லோருக்கும் கொடுத்த கோப்பையிலேயே எனக்கும் கொடுத்தான். நான் குடித்துவிட்டுக் கழுவி வைக்கப் போனேன். கடைக்காரன் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டான். அறைக்கு வந்து அழுதேன் செவ்வந்தி. எந்தத் தெரு என்று இங்கே யாரும் கேட்கவில்லை. இராஜாங்கம் என்ற பேரை நீட்டி முழக்கி மிஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள்.

நெல் அவிக்கிற அடுப்புப் பக்கம் போனால் மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. அதே வாசனை. ஈரத் தலையோடு நீ பக்கத்தில் வந்து நிற்பது போல் இருக்கிறது. நீ இங்கே வந்துவிட்டால் என்ன? குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஒரு துணி அனுப்பியிருக்கிறேன், இந்த ஊர்ச் சாயம். யோசித்து எழுது.

இராஜாங்கம்


மேலநெடுங்கரை
20.10.1971

மாமாவுக்கு,

துணி வந்தது. இந்த நிறத்தைக் கட்டிக்கொண்டு நான் தெருவில் நடந்தால் மாடு மிரளும். கட்டவில்லை. தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்கிறேன். உங்கள் வாசனை ஒன்றும் அதில் இல்லை, கடைக்காரன் வாசனைதான். இருந்தாலும் நீங்கள் தொட்டதுதானே.

அங்கே வரச் சொல்கிறீர்கள். டீக்கடை சேதியைப் படித்துவிட்டு நானும் அழுதேன். உங்களை வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நான் வரமாட்டேன். ஏன் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குறுவை அறுப்பில் கூலிச் சண்டை. அறுக்கிற நெல்லில் கலத்துக்கு அரை மரக்கால் கூலி கூடக் கேட்டோம். பண்ணை வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கிவிட்டது. வயலுக்குள் போலீஸ். நாங்கள் வாய்க்கால் கரையில் அறுவாளோடு உட்கார்ந்துவிட்டோம். சங்கத்து வைரக்கண்ணு அண்ணன் பேசிப் பேசி, கடைசியில் கால் மரக்காலுக்கு இறங்கி வந்தார்கள். அப்போது பண்ணை ஏஜெண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்ன செவ்வந்தி, உன் புருஷன் ஆப்பிரிக்காவுல தொரை, நீ இங்க கால் மரக்காலுக்குக் குந்தியிருக்கே. குடியிருப்புச் சட்டம் கூலிக்காரனுக்குத்தான் தாயி. நிபுணர் வீட்டுக்கு இல்ல. தாசில்தார் வரட்டும், பேசிக்கறேன்" என்றான்.

வைரக்கண்ணு அண்ணனிடம் கேட்டேன். அவன் சொல்வது சட்டப்படி சரிதானாம். விவசாயக் கூலியாக இருந்தால்தான் மனை நமக்கு. நீங்கள் கூலி இல்லை. நான்தான் கூலி. நான் இங்கே இருந்து, வயலில் இறங்கி, இந்த வீட்டில் அடுப்பு எரித்தால்தான் பேச்சுக்கு இடம். பூட்டிவிட்டுக் கப்பல் ஏறினால் ஏஜெண்டுக்குக் கொண்டாட்டம். அதனால்தான் நீங்கள் அனுப்புகிற பணத்தையும் தபால்காரரிடம் வாங்கவில்லை. வருத்தப்படாதீர்கள்.

என் அப்பா கூலி கேட்ட வருஷம் எங்கள் வீட்டுக் கூரையைப் பண்ணையாட்கள் பிரித்துப் போட்டது உங்களுக்குத் தெரியும். மழைக்காலம். எனக்கு அப்போது விவரம் தெரிகிற வயது. அம்மா உலைப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கே இறக்குவது என்று தெரியாமல் தெருவில் நின்றாள். அப்படி நிற்க மாட்டேன் மாமா. எனக்கு ஆப்பிரிக்காவில் பங்களா வேண்டாம். யாரும் பிரிக்க முடியாத கூரை ஒன்று வேண்டும். தைக்கு வந்து என் பக்கத்தில் நில்லுங்கள், நானே பேசிக்கொள்கிறேன்.

செவ்வந்தி


ரொகும்பா
28.11.1971

அன்புள்ள செவ்வந்திக்கு,

தைக்கு என்னால் வர முடியாது. முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசி வரை எழுதாமலே போய்விடுவேன்.

மேட்டு நிலத்து நெல்லை அவித்து, காயவைத்து, முத்திரை போட்டு முதல் சரக்கு அனுப்பினோம். மந்திரி வந்தார், பேண்டு வாசித்தார்கள், என் கழுத்தில் மாலை. பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் மூட்டையைப் பிரித்தால் பாதிக்குப் பாதி ஈரம், பூசண வாடை. அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

காரணம் நான்தான். அது நோன்பு மாதம். களத்துப் பெண்கள் எல்லோரும் நோன்பு. பகலில் நெல்லைப் பல்லில் வைப்பார்களா? வைக்கவில்லை. கையால் தடவிப் பார்த்து, வெயிலைப் பார்த்து, குத்துமதிப்பாகச் சரி என்று அடையாளம் போட்டிருக்கிறார்கள். "ஏன் என்னிடம் சொல்லவில்லை" என்று மரியாத்துவைக் கேட்டேன். "நோன்பு என்று உங்களுக்குத் தெரியுமே. தெரிந்தும் வேலை நடக்கட்டும் என்கிறீர்களே, வேறு வழியில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறீர்கள் என்று நினைத்தோம்" என்றாள்.

எனக்குத் தெரியும்தான். முத்துப்பேட்டைப் பள்ளிவாசல் வாசலில் தூக்குப் பாத்திரத்தோடு நோன்புக் கஞ்சிக்கு நின்று வளர்ந்தவன் நான். ஆனால் நெல்லைக் கண்டால் வாய்க்குப் போவது நம் கைக்கு மூச்சு விடுகிற மாதிரி. அதைச் சாப்பாட்டோடு சேர்த்து என் புத்தி யோசிக்கவே இல்லை.

இரண்டு சபையும் இப்போது ஒற்றுமையாகிவிட்டன. ஈர மெஷின் ஏன் இல்லை என்று இரண்டும் என்னையே கேட்கின்றன. திரும்பி வந்த நெல்லைப் பிரித்துக் காயவைத்து, ஆற்றங்கரை அறுவடையையும் முடித்து, ஒரு சரக்காவது நல்லபடியாகக் கரை சேர்க்கும் வரை நான் இருக்க வேண்டும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நான்தான் இருக்கிறேன் என்றேன். இந்தப் பெண்களின் பேர் கெட்டுவிட்டது செவ்வந்தி. அவர்கள் அரிசியை இனி யாரும் வாங்க மாட்டார்கள் என்று சந்தையில் பேசுகிறார்கள். அதை அப்படியே விட்டுவிட்டு எப்படி வண்டி ஏறுவது?

"என் பக்கத்தில் நில்லுங்கள்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும்.

இராஜாங்கம்


மேலநெடுங்கரை
10.1.1972

மாமாவுக்கு,

எல்லையில் யுத்தம் நடந்த நேரத்தில் தபால் எல்லாம் தேங்கிவிட்டது. உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. ஊரெல்லாம் வாசலுக்கு வெள்ளையடிக்கிறார்கள். நானும் அடித்துவிட்டேன். தைக்கு வருவீர்கள் என்று.

மரியாத்து பேர் கெட்டுவிட்டது என்று இருந்துவிட்டீர்கள். நல்லது. உங்களுக்கு இளகிய மனசு. இங்கே ஒருத்தி இருக்கிறாள், அவள் பேர் செவ்வந்தி.

தாசில்தார் மாசி பிறப்பதற்குள் வருகிறார். புருஷன்தான் குடும்பத் தலைவன், அவன் பெரிய உத்தியோகஸ்தன், இது கூலிக்காரக் குடும்பமே இல்லை என்று ஏஜெண்டு எழுதிக் கொடுத்துவிட்டான். ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணமும் அவன் பக்கம்தான்.

வைரக்கண்ணு அண்ணன் ஒரு வழி சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒண்ணே ஒண்ணுதாம்மா இருக்கு. ஒன்னை விட்டுட்டுப் போயிட்டாருன்னு சொல்லிடு. விட்டுட்டுப் போனவன் குடும்பத் தலைவன் இல்ல. நீ தனிப் பொம்பள, கூலிக்காரி. மனை ஒம் பேருக்கே வரும்" என்றார்.

தெருவே கூடியிருக்கும் மாமா. எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். புருஷன் செத்துப்போனான் என்று சொல்வதற்குக்கூட ஒரு கௌரவம் உண்டு. இது அதைவிடக் கேவலம்.

ஆனால் நான் ராத்திரி பகல் யோசிப்பது அது இல்லை. நான் அப்படிச் சொன்னால் அது பொய்யா? அதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.

செவ்வந்தி


ரொகும்பா
6.2.1972

செவ்வந்தி,

சொல்லாதே. பொய், முழுப் பொய். மனை போனால் போகட்டும், வேறு இடம் வாங்கிக்கொள்ளலாம், தஞ்சாவூரில் வாங்கலாம். தெரு நடுவில் நின்று அந்த வார்த்தையை உன் வாயால் சொல்லாதே. உன் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஏன் இன்னும் இங்கே இருக்கிறேன் என்றால், மெஷின் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு களத்துக்கும் போய் நானே கடித்துப் பார்க்கிறேன். கடைவாய்ப் பல் ஒன்று பிளந்துவிட்டது. கன்னம் வீங்கிக் கஞ்சிதான் குடிக்கிறேன். மரியாத்துவும் மற்றவர்களும் இப்போது கடிக்கிறார்கள், ஆனாலும் என் பல் ஒப்புக்கொண்டால்தான் மூட்டை தைக்கிறார்கள்.

நீ கேட்ட கேள்விக்கு மேலே பதில் எழுதிவிட்டேன். ஆனால் அது முழுப் பதில் இல்லை. உன்னிடம் ஒளிக்க எனக்கு வராது. நம் ஊர் டீக்கடைக் கொட்டகைக்கு வெளியே தனி டம்ளரைக் கையில் வாங்கிக் குந்தியிருப்பதை நினைத்தால் இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது. நிறைய நாள் தோன்றுகிறது. ஆனால் அப்படித் தோன்றும்போதெல்லாம் நீயும் இங்கே இருப்பதாகத்தான் தோன்றுகிறது. நீ இல்லாமல் ஒரு நாளும் தோன்றவில்லை. இதற்கு விட்டுப் போனது என்று பேர் வைப்பாயா?

சித்திரைக்குள் வருகிறேன். அதுவரை பொறு.

இராஜாங்கம்


மேலநெடுங்கரை
25.2.1972

மாமாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் வரும் என்று தபால்காரர் வருகிற நேரமெல்லாம் வேலைக்குப் போகாமல் நின்றேன். வரவில்லை. தாசில்தார் வந்துவிட்டார். சொல்லிவிட்டேன்.

வேப்பமரத்தடியில் மேஜை போட்டிருந்தார்கள். வீடு வீடாகக் கூப்பிட்டார்கள். என் முறை வந்ததும் ஏஜெண்டு எழுந்துவிட்டான்.

"இந்தம்மா வீட்டுக்காரரு ஆப்பிரிக்காவுல பெரிய ஆபீசருங்க. ஐயாவைவிட சம்பளம் ஜாஸ்தி."

தாசில்தார் என்னைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, களைத்துப்போன மனுஷர்.

"உன் வீட்டுக்காரர் எங்கேம்மா?"

"என்னை விட்டுட்டுப் போயிட்டாருங்க."

"எப்போ?"

"ஆனி மாசங்க."

"பணம் காசு அனுப்புறாரா?"

"நான் வாங்குறதில்லீங்க. தபால்காரரையே கேட்டுக்குங்க."

"திரும்பி வருவாரா?"

"தெரியலீங்க."

இதெல்லாம் வைரக்கண்ணு அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் கடைசிக் கேள்வியை அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. தெரியலீங்க என்று சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நடிக்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தெருப் பொம்பளைகள் எல்லோரும் சேர்ந்து அழுதுவிட்டார்கள். ஏஜெண்டு உட்கார்ந்துவிட்டான்.

மனை என் பேருக்கு எழுதியாகிவிட்டது. பண்ணை அப்பீல் போட்டிருக்கிறது. நாகப்பட்டினத்தில் மேலதிகாரி விசாரிப்பார். உங்களுக்கும் ரிஜிஸ்தர் தபாலில் நோட்டீஸ் வரும், நிஜமாகவே விட்டுவிட்டுப் போனாயா என்று கேட்டு. அதற்கு என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. எது எழுதினாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

இங்கே நடப்பதைக் கேளுங்கள். தெருவே நம்பிவிட்டது. அமிர்தம் அக்கா தினமும் குழம்பு கொண்டுவந்து வைக்கிறாள். உங்களைத் திட்டுகிறாள் பாருங்கள், அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. "படிச்சவனைக் கட்டாதேன்னு சொன்னேனேடி" என்கிறாள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிடுகிறேன். திட்டு முடிந்ததும் உள்ளே வந்து உங்கள் துணியில் முகத்தை வைத்துக்கொள்கிறேன்.

இனி ஒன்று. இத்தனை நாள் வாருங்கள் வாருங்கள் என்று எழுதியவள் நான். அப்பீல் முடிகிற வரை வராதீர்கள். பஸ்ஸிலிருந்து நீங்கள் இறங்குவதை ஏஜெண்டு பார்த்தால் எல்லாம் போயிற்று. கடிதமும் அதிகம் வேண்டாம்.

செவ்வந்தி

இதை ஒட்டப் போகும்போது உங்கள் ஆறாம் தேதிக் கடிதம் வந்தது. முழுப் பொய் என்று எழுதியிருக்கிறீர்கள். தாசில்தார் வருவதற்கு முன்னால் வந்திருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. தாமதமாக வந்ததே நல்லது என்று நினைக்கிறேன். நல்லதா என்றும் தெரியவில்லை.


ரொகும்பா
30.4.1972

செவ்வந்திக்கு,

நோட்டீஸ் வந்தது. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

"என் மனைவி செவ்வந்தியை விட்டுவிட்டு நான் வெளிநாடு வந்துவிட்டேன். அவள் பிழைப்புக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. மேற்படி மனையில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை." இவ்வளவுதான். தமிழில் எழுதி, இங்கிலீஷில் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டேன். பிளந்த பல்லைப் பிடுங்கினபோது இவ்வளவு வலிக்கவில்லை.

சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். திட்ட அலுவலகத்து எழுத்தர் போட்டார். மறுநாளே களம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மரியாத்து நாலு பேரோடு வந்து என்னைச் சுற்றி நின்றுகொண்டாள். அவள் பேசியதில் பாதிதான் புரிந்தது. அமிர்தம் அக்கா பேசியதற்குக் குறைவாக இருக்காது. "எங்களுக்காக ஊருக்குப் போகாமல் இருந்தீர்கள் என்று நினைத்தோம். பெண்டாட்டியிடமிருந்து தப்பிக்கத்தான் இருந்தீர்களா?" என்றாள்.  உண்மையைச் சொன்னால் எழுத்தர் காதுக்குப் போகும், அவர் நல்லவர், நாகப்பட்டினத்துக்கே கடிதம் எழுதிவிடுவார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அன்றைக்கு முழுக்க நான் எழுதிக் கொடுத்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன். விட்டுவிட்டு வந்தேன் என்பது பொய் என்று உனக்கு எழுதினேன். ஸ்டேஷனில் வண்டி கிளம்பும்போது நீ வரவில்லையே என்று எனக்குக் கோபம் இருந்ததே தவிர, நான் போகிறேனே என்று இல்லை. கூரையைப் பற்றி நீ சொன்னபோதெல்லாம் தஞ்சாவூரில் வாங்கலாம் என்றேன். அந்தக் கூரை எனக்குப் புரியவில்லை. தப்பித்துப் போகிறவனுக்கு ஊரில் மனை எதற்கு? கையெழுத்துப் போடும்போதுதான் உறைத்தது. நீ வேப்பமரத்தடியில் அழுதது நடிப்பில்லை என்று எழுதினாய். என் கையெழுத்தும் நடிப்பில்லை.

இரண்டாவது சரக்கு போன மாதம் பக்கத்து நாட்டுக்குப் போனது. ஒரு மூட்டைகூடத் திரும்பவில்லை. அடுத்ததற்கு இப்போதே கேட்டிருக்கிறார்கள். களத்தில் ஆட்டம் பாட்டம். அதற்கு மறுவாரம் ஈர மெஷின் வந்தது. ஒன்று இல்லை, இரண்டு. சபைக்கு ஒன்றாக இரண்டும் அனுப்பிவிட்டன. மரியாத்து இரண்டின் குமிழையும் திருகிப் பார்த்துவிட்டு ஒரே நெல்லுக்கு இரண்டும் வேறு வேறு எண் காட்டுகிறதே என்றாள். ஒரு நெல்லை எடுத்துக் கடித்துக் காட்டி, எந்த மெஷின் சரி என்று முடிவு செய்தோம்.

என் வேலை முடிந்தது. டிக்கெட் தருகிறோம் என்கிறார்கள். ஒரு வருஷம் நீட்டித் தருகிறோம் என்றும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் பதில் சொல்லவில்லை. நீ வராதே என்று எழுதியிருக்கிறாய். இந்தத் தடவை நீ சொல்கிறபடிதான். எத்தனை மாதமானாலும் இங்கேயே காத்திருக்கிறேன். அப்பீல் முடிந்த பிறகும் வராதே என்று நீ எழுதினால், ஏன் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

ராத்திரி மழை தொடங்கிவிட்டது. உன் நினைவாகவே இருக்கிறது.

இராஜாங்கம்


மேலநெடுங்கரை
9.7.1972

மாமாவுக்கு,

அப்பீல் தள்ளுபடி. பட்டா கையில் வந்துவிட்டது. செவ்வந்தி, விவசாயக் கூலி என்று போட்டிருக்கிறது. நாலு பக்கத்து எல்லையும் எழுதியிருக்கிறார்கள். வடக்கே அமிர்தம் வீடு, தெற்கே வாய்க்கால். வைரக்கண்ணு அண்ணன் சத்தமாக வாசித்தார். நாகப்பட்டினத்தில் உங்கள் கடிதத்தையும் வாசித்தார்கள். அவள் பிழைப்புக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்கிற இடத்தில் மேலதிகாரி நிறுத்தி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அதை எழுதினது பல்லைப் பிடுங்கினதைவிட வலித்தது என்று எனக்குத்தான் தெரியும். அதனால் நான் யாரையும் பார்க்கவில்லை.

ஏஜெண்டு அந்தப் பக்கமாகப் போகும்போது மரியாதைக்குக்கூடச் சைக்கிளைவிட்டு இறங்கவில்லை. ஆனால் வீட்டைப் பார்க்காமல் போனான். எனக்கு அது போதும்.

பட்டாவை வாங்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் நின்றேன். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்தேன். சின்ன வீடுதான். அம்மாவை நினைத்துக்கொண்டேன். பிறகு இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ஓடிவந்து வாசலில் நின்றால், நான் சொல்ல நினைத்த ஆள் நீங்கள்தான். அன்றைக்கு அழுததுபோல் வேப்பமரத்தடியில்கூட அழவில்லை. மனை கிடைத்துவிட்டால் மனசு நிறைந்துவிடும் என்று நினைத்திருந்தேன் மாமா. நிறையவில்லை.

உங்கள் கடிதத்தில் உங்களையே குத்திக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். நான் சண்டை போடலாம் என்று வைத்திருந்ததை எல்லாம் நீங்களே சொல்லிவிட்டால் நான் என்ன செய்வது? கொஞ்சம் எனக்கும் மிச்சம் வையுங்கள்.

டம்ளர் விஷயம். அது அப்படியேதான் இருக்கிறது. பொய் சொல்லி உங்களைக் கூப்பிட மாட்டேன். சங்கத்துப் பையன்கள் ரெண்டு தடவை உடைத்தார்கள், கடைக்காரன் மூன்றாவது தடவை தகரத்தில் வாங்கி வைத்துவிட்டான். நீங்கள் வந்தால் அந்தக் கடையில் டீ குடிக்க வேண்டாம், நான் போட்டுத் தருகிறேன். இல்லை, போய்ச் சண்டை போட வேண்டும் என்றால் நானும் கூட வருகிறேன். இந்த ஊர் உங்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்பது நிஜம். இப்போது எனக்கு ஒரு வீடு கொடுத்திருக்கிறது, சும்மா கொடுக்கவில்லை. அதில் நீங்கள் தங்கலாம். ஒரு வருஷம் நீட்டித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வேண்டும் என்று சொல்வதானால் எனக்கு எழுத வேண்டாம், நானே தெரிந்துகொள்கிறேன்.

வைரக்கண்ணு அண்ணனை விட்டு நாகப்பட்டினத்து வக்கீலிடம் ஒன்று கேட்கச் சொன்னேன். பெண்டாட்டியை விட்டுப் போனவன் புத்தி வந்து திரும்பி வரக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லையாம்.

நீங்கள் வந்து இறங்கினால் தெரு உங்களைச் சும்மா விடாது. அமிர்தம் அக்கா துடைப்பத்தோடுதான் வருவாள். சமாதானம் சொல்லாதீர்கள், உண்மையைச் சொல்லிவிடாதீர்கள், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வாசலிலேயே நில்லுங்கள். நானும் வெளியே வந்து உங்களுக்காக ஒரு வார்த்தை பேச முடியாது. உள்ளே இரண்டு பேருக்குச் சோறு வடித்துக்கொண்டிருப்பேன். திட்டி முடித்துவிட்டு அவர்கள் போனதும் உள்ளே வாங்க.

செவ்வந்தி